போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்

வால்பராய்சோ,
மார்ச் மாதம்

மதிப்புக்குரிய மாமா அன்செல்மோ அவர்களுக்கு,

மருமகன் எரிபெர்த்தோ வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் நியேவெஸும் நலம். தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் சிய்யானிலிருந்து அனுப்பிய தொத்திறைச்சி வந்த அன்றே தீர்ந்துவிட்டது.

மாமா, ஒரு சந்தோஷச் செய்தி. துறைமுகத்தை ஒட்டிய பழைய நாடக அரங்கை மறுபடி திறக்கிறார்கள். அதற்குத் தீ எச்சரிக்கை மணி அமைக்கும் வேலை எனக்குத்தான் கிடைத்தது. பேனல் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து புறப்படும் ஒயர் ஐந்து மாடிகளிலும் உள்ள புகையை உணரும் கருவிகளையெல்லாம் தொட்டுவிட்டுப் பேனலுக்கே திரும்ப வேண்டும். அதைத்தான் லூப் என்கிறோம். ஒயர் நீள நீள மின்சாரம் சோர்ந்துபோகும் என்பதால் நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பேனல் தாங்கும் தடை நாற்பது ஓம், ஒயரின் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு இருபது ஓம். வகுத்தேன், இரண்டு கிலோமீட்டர் வந்தது. ஆயிரத்து எண்ணூறு மீட்டர் இழுத்து முடித்துப் பேனலைப் போட்டேன். எல்லாக் கருவிகளும் விழித்துக்கொண்டன, எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒத்திகையில் இருந்த பாடகர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

சோதனைக்கு வந்த தீயணைப்புப் படைத் தலைவி மரித்சா ஒயார்சூன் எதையும் பாராட்டவில்லை. லூப்பின் ஒரு முனையைப் பேனலிலிருந்து கழற்றிவிட்டார். அவ்வளவுதான் மாமா, கடைசி இரண்டு மாடிக் கருவிகளும் செத்துப்போயின.

"தம்பி, நெருப்பு வந்தா மொதல்ல ஒயரைத்தான் கடிக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும் வர்ற கரண்டு ஒரு பக்கத்துலேருந்துதான் வரும். மேல் பால்கனியில உக்காந்திருக்கவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார்.

திறப்பு விழா நிற்கும் நிலை. பாடகர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். நியேவெஸ் என் கணக்கைப் பார்த்தாள்.

"ஒயருக்குள்ள ரெண்டு கம்பி இருக்குல்ல? ஒண்ணுல போற கரண்டு இன்னொண்ணுல திரும்பி வரணும்ல? நீங்க போறதுக்கு மட்டுந்தானே கணக்கு வச்சிருக்கீங்க?"

கிலோமீட்டருக்கு நாற்பது ஓம் மாமா, இருபது இல்லை! உச்ச நீளம் ஒரே ஒரு கிலோமீட்டர். நல்லவேளை, பேனலில் இரண்டாவது லூப்புக்கு இடம் இருந்தது. கீழ்த்தளங்களுக்கு ஒன்று, பால்கனிகளுக்கும் குவிமாடத்துக்கும் ஒன்று என்று பிரித்தேன். இரண்டும் கிலோமீட்டருக்குச் சற்று உள்ளேதான். தலைவி மறுபடி வந்து முனையைக் கழற்றிவிட்டு, குவிமாடத்தில் புகை விட்டார். அரங்கமே அலறியது, பாடகர்கள் வேஷத்தோடு சதுக்கத்துக்கு ஓடினார்கள், தலைவி கையெழுத்துப் போட்டுவிட்டார், நான் அவரைக் கட்டிப்பிடித்து அவர் தொப்பியைக் கீழே தள்ளிவிட்டேன்!

இனி கணக்குப் போடாமல் ஒரு முழம் ஒயரும் இழுக்க மாட்டேன், இது சத்தியம். திறப்பு விழாவுக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும். மேல் பால்கனியில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். அத்தைக்கு எங்கள் அன்பு. கன்னி மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
எரிபெர்த்தோ

பி.கு.: அப்பா, நான் நியேவெஸ். பக்கத்துக் கட்டிடத்தையும் இதே லூப்போட சேத்துடலாம், ஒரு முந்நூறு மீட்டர்தானேன்னு இப்பத்தான் இவர் அரங்கு மேனேஜருக்கு வாக்கு குடுத்துட்டு வந்திருக்கார். வர்றதா இருந்தா வாசப்பக்கமா சீட்டு கேளுங்க.