கெமிஸ்ற்றி மாஸ்ரரின் கார்

ரஞ்சினி காரை விட்டு இறங்கித் திரும்பினாள். தெருமூலையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

போச்சு. எல்லாம் போச்சு. யார் கண்ணிலும் படக்கூடாது என்று வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தேடிப் பிடித்த மூலை அது. மெல்பேர்னில், இந்தக் கிளேட்டனில் அத்தனை மூலைகள் இருக்க, அம்மா சத்தியபாமா நல்ல சேலை ஒன்றைக் கட்டி, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இந்த மூலையில்தானா வந்து நிற்க வேண்டும்?

"அம்மா! இங்க என்ன செய்யிறீங்கள்?"

"பால் வாங்க வந்தனான்."

அம்மாவின் கையில் பால் போத்தல் எதுவும் இல்லை. இருந்த பயத்தில் ரஞ்சினி அதையெல்லாம் எங்கே பார்த்தாள்!

"அதை விடு. ஆரடி இந்த வெள்ளைக்காரன்? கார்க் கூரையில பெரிசா எல் எண்டு போட்டிருக்கு, அது என்ன?"

பொய் என்பது அவசரத்தில் வரும்போது கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் வரும். "எல் எண்டால் லேர்னிங் அம்மா. இவர் ரியூசன் மாஸ்ரர். கெமிஸ்ற்றி."

"ஓ," என்றாள் அம்மா. "கெமிஸ்ற்றியோ. நல்லது."

அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் இருந்தும் அம்மாவுக்கு ஒரு எழுத்து விளங்கவில்லையே என்று ரஞ்சினிக்குப் பாவமாகக்கூட இருந்தது. காருக்குள் கென் மாஸ்ரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு இருமினார்.

இந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. மலை அடிவாரத்தில், த பேசின் என்ற ஊரில், ஒரு மாட்டு வைத்தியர் சனிக்கிழமைகளில் தனக்கு உதவ ஆள் தேடிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இருந்தால் வேலை ரஞ்சினிக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் பஸ் போகாது. ரஞ்சினிக்குப் பதினெட்டு வயது. ஆறு வயதில் கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்கு வந்தவள். மிருக வைத்தியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு மாதத்துக்கு முன் அதை வீட்டில் சொன்னபோது நடந்த சண்டையில் பக்கத்து வீட்டு நாய்கூட வாயை மூடிக்கொண்டது.

"மாட்டு டொக்டரோ?" அம்மா கத்தினாள். "மாட்டுக்கு ஊசி போடவோ உன்னைக் கப்பல் ஏத்திக்கொண்டு வந்தனாங்கள்? மனிசருக்குப் பாக்கிற டொக்டராகு. டொக்டருக்குப் படிக்கிற கம்பசுக்கு எங்கட வாசல்லயே பஸ் நிக்குது!"

"ஐ டோன்ட் லைக் பீப்பிள், அம்மா."

"எனக்கு மட்டும் பிடிக்குதே? அதுக்காக நான் மாட்டோடயோ குடும்பம் நடத்திறன்?"

அப்பா வரதராஜா பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். மின்சார இலாகாவில் எஞ்சினியர். எதையும் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். "பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் கார்? நான் இருக்கிறன்தானே."

இருக்கிறார்தான். அதை யார் இல்லையென்றார்கள்? வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போக அம்மா சேலை கட்டி, தட்டில் பழமும் பூவும் வைத்து, வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்போது அவர் சோபாவில் இருந்து சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்பார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே சுண்டலும் முடிந்திருக்கும்.

"காரும் வேண்டாம், மாடும் வேண்டாம்," என்று அம்மா அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னாள். "அதோட சனிக்கிழமையில கார் வீட்டில நிக்க வேணும். எனக்கு அலுவல் இருக்கு."

என்ன அலுவல் என்று ரஞ்சினி கேட்கவில்லை. மறுநாளே பால் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கார் பழக்கும் விளம்பரத்தைப் பார்த்துக் கென் மாஸ்ரருக்குப் போன் பண்ணிவிட்டாள். இவளுக்கு மட்டும் பிடிவாதம் வானத்திலிருந்தா வந்தது?

இப்போது தெருமூலையில் அம்மா அடுத்த குண்டைப் போட்டாள்.

"படிப்பிக்கிற மனிசனை நடுறோட்டில விட்டிட்டுப் போறதே? ஞாயிற்றுக்கிழமை வீட்டை வரச் சொல்லு. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

ரஞ்சினி கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, கெஞ்சிக் கூத்தாடி, விஷயத்தைச் சொன்னாள். கென் மாஸ்ரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"உங்கள் குடும்பத்துக்காக நான் எதுவும் செய்வேன்," என்றார். "நீ நட. எனக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்."

ரஞ்சினி நடந்தாள். அம்மா உடனே வரவில்லை. பால் வாங்க வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை கென் மாஸ்ரர் வந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். தட்டில் இருந்த உழுந்து வடையை, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். ரஞ்சினி ஆச்சரியப்படுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"கெமிஸ்ற்றியில இப்ப என்ன பாடம் போகுது, மாஸ்ரர்?"

கென் மாஸ்ரர் வடையை விழுங்கினார். "பெற்றோலும் காற்றும் கலந்தால் என்ன நடக்கும் என்ற பாடம்."

"அருமை! அடிப்படையில இருந்து வாறார்!" அப்பாவுக்குப் பரம சந்தோஷம். கதிரையை இழுத்து மாஸ்ரருக்குக் கிட்டப் போட்டுக்கொண்டார். "பிள்ளை எப்பிடி?"

"கெட்டிக்காரி. ஒரேயொரு குறை. வலப்பக்கம் திரும்பும்போது பார்ப்பதே இல்லை."

ரஞ்சினி இடையில் பாய்ந்தாள். "ஈக்குவேஷன், அப்பா. ஈக்குவேஷன்ர வலப்பக்கம்."

குசினி வாசலில் நின்ற அம்மா சட்டென்று சொன்னாள். "கண்ணாடியையும் பாக்கவேணும், பிள்ளை."

"என்ன கண்ணாடி?" என்றார் அப்பா.

"கெமிஸ்ற்றியில கண்ணாடிக் குழாய் இல்லையே?" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

தப்பினோம் என்று ரஞ்சினி மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கென் மாஸ்ரர் வாய்தவறி வெள்ளிக்கிழமை ரெஸ்ற் என்று சொல்லித் தொலைத்தார். சோதனையா! அப்பா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். மகள் கெமிஸ்ற்றி சோதனை எழுதப் போகிறாள், தகப்பன் கந்தோரில் இருப்பதா?

"நான் லீவு போட்டிட்டு வாறன். சோதனை முடியுமட்டும் வாசல்ல நிக்கிறன்."

ரஞ்சினி அவரின் கையைப் பிடித்தாள். "அப்பா, பிளீஸ், வேண்டாம்..."

"நீங்கள் ஒண்டும் வரவேண்டாம்," என்றது குசினியிலிருந்து ஒரு குரல். "நீங்கள் சப்பாத்துத் தேடி முடிக்கச் சோதனை முடிஞ்சிடும். நான் போறன்."

ஐயோ! இதற்கு அப்பாவே பரவாயில்லையே! சோதனை நடக்கும் இடத்தில் காரும் ரெஸ்ற் எடுக்கும் பொலிஸ்காரரும்தான் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மா நடுத்தெருவில் வைத்தே அவளைத் தோலுரிப்பாள். ரெஸ்ற் போகும், மாட்டு வைத்தியர் வேறு ஆளைப் பிடிப்பார், அப்புறம் வாசலில் நிற்கிற அந்தப் பஸ்தான் வாழ்நாள் முழுக்க.

வெள்ளிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். கென் மாஸ்ரரின் கார் வாசலில் வந்து நின்றது. அம்மா நெற்றி நிறையத் திருநீறும், கையில் அதே கைப்பையுமாகப் படியிறங்கினாள்.

ரஞ்சினி காருக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றாள். இனிப் பொய் சொல்ல அவளிடம் சரக்கு இல்லை.

"அம்மா, நில்லுங்கோ. இது கெமிஸ்ற்றி இல்லை. இது கார் லைசென்ஸ் ரெஸ்ற். நான் உங்களுக்குப் பொய் சொன்னனான், ஐ ஆம் சொறி. ஆனா ரெஸ்ற்றுக்கு நான் போவன். சனிக்கிழமையில த பேசினுக்கும் போவன். நான் மாட்டு டொக்டராத்தான் வருவன். நீங்கள் அழுதாலும் சரி, சாப்பிடாமல் கிடந்தாலும் சரி. என்ர வாழ்க்கையை அப்பா சப்பாத்துப் போடுமட்டும் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது!"

சொல்லி முடித்தும் காருக்கு முன்னால் நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று ரஞ்சினியால் சொல்ல முடியவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"மாட்டுக் கதையை நான் இன்னும் விடேல்லை. அதுக்குப் பின்னேரம் வந்து சண்டை பிடிப்பம். சனிக்கிழமை கார் ஆருக்கு எண்டும் சண்டை பிடிப்பம். இப்ப டயருக்குக் கிட்ட நிக்காதை, தள்ளு."

கைப்பையைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். சேலையை ஒதுக்கிக் குனிந்து முன் டயருக்கு அடியில் வைத்தாள். நிமிர்ந்து மகளை ஒருதரம் பார்த்தாள். பைக்குள் மறுபடி கையை விட்டு இன்னொரு பழத்தை எடுத்து மற்ற டயருக்கும் வைத்தாள்.

கென் மாஸ்ரர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"வழக்கமாக ஒன்றுதானே வைப்பீர்கள், மிஸிஸ் வரதராஜா, இன்றைக்கு இரண்டா? சரி, ரெஸ்ற்றுக்கு முதலில் ஏறப்போவது நீங்களா, மகளா?"