இரண்டாவது பத்தியிலிருந்து படிப்பவன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனாவுக்கு மனம் வரவில்லை.

என் மகளுக்குப் பொது சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். இடம்தான் கிடைத்தது, படிக்கப் பணம் கிடைக்கவில்லை. கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்கள், கழிப்பறை இல்லாத காரணத்தால் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வதை நான்கு வருடம் ஆராய வேண்டும் என்கிறாள். ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்ற உன் அண்ணி மாத்திரைப் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் வேறு எதை எடுப்பாள்? குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் "தங்களுக்கு இணைப்பு வழங்க இயலாது" என்று எழுதியவனுக்கு இப்படி ஒரு மகள்.

உதவித்தொகைக்கு வழியா இல்லை, ஏகப்பட்டது இருக்கிறது, எல்லாம் மற்றவர்களுக்கு. பல்கலைக்கழகம் தருவது இரண்டு பேருக்கு, இவள் மூன்றாவது, அரசாங்கத்துடையதற்கு வயது வரம்பு, இவள் பதினோரு நாள் முந்திப் பிறந்துவிட்டாள், அதற்கும் உன் அண்ணி என்னைத்தான் முறைத்தாள், ஒரு அறக்கட்டளை கொசுவால் வரும் நோய்க்கு மட்டும்தான் கொடுக்குமாம், "ஒரே ஒரு கொசுவை எங்கயாவது சேர்த்துக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன், மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வகுப்பு எடுத்து, நானூறு விடைத்தாள் திருத்தினால் சம்பளம் உண்டு என்றார்கள், அப்புறம் ஆராய்ச்சியைத் தூக்கத்தில்தான் செய்ய வேண்டும், அதற்கும் ஆள் எடுத்தாகிவிட்டது, கடைசியில் ஒரு குளிர்பானக் கம்பெனி வலிய வந்து தருகிறேன் என்றது, அந்தப் பெண்கள் தண்ணீருக்குப் பதில் தங்கள் பாட்டிலைக் குடிக்கலாம் என்று ஆராய்ச்சி முடிவில் ஒரு வரி வர வேண்டுமாம். ஒரு வரிதானே என்று எனக்குத் தோன்றியது. இவள் எழுந்து வந்துவிட்டாள்.

பதில் கடிதங்களை எல்லாம் நான்தான் பிரித்தேன். முதல் உறையைப் பிரிக்காமல் அவள் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்ததைப் பார்க்க முடியாமல், "குடும்மா, இது எனக்குப் பழகின வேலை" என்று வாங்கிக்கொண்டேன். மறுப்புக் கடிதத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. முதல் பத்தி சும்மா, முதுகைத் தடவிக் கொடுப்பதற்கு. நாங்களும் அப்படித்தான் எழுதுவோம். விஷயம் இரண்டாவது பத்தியில், "எனினும்" என்று ஆரம்பிக்கும். நேரே அங்கே போவேன், "வருந்துகிறோம்" என்று இருக்கும், "இல்லம்மா" என்று சொல்லிக் கோப்பில் சேர்த்துவிடுவேன். அந்த முதல் பத்தி காட்டும் ஆசையிலிருந்தாவது அவள் தப்பட்டும் என்றுதான்.

பத்து நாளைக்கு முன் ஒன்பதாவது கடிதம் வந்தது. பெரிய அறக்கட்டளை, அவள் அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். "இதுவும் இல்லம்மா" என்றேன். கடைப் பெண்களிடம் கேட்பதற்கென்று அச்சடித்து வைத்திருந்த கேள்வித்தாள் கட்டுகளை எடுத்துப் பரணில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இறங்கி வந்து, "சித்தப்பா கடையில பில் போடுற வேலை இன்னும் இருக்கான்னு கேளுங்கப்பா" என்றாள்.

ஆகவே தம்பி, உன் மருந்துக் கடையில் அந்த இடத்தை இவளுக்கு வைத்திரு. ஒன்றாம் தேதி வந்து சேருவாள். கடையில் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, உண்டென்றால் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதச் சொன்னாள். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்கள் மேலே படிக்கிறேன் என்றால் தடுக்காதே, தூண்டியும் விடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கோப்பை மூடிவிடலாம் என்று பக்க எண் போட உட்கார்ந்தேன். ஒன்பதாவது கடிதத்தின் முதல் பத்தி கண்ணில் பட்டது. நான்கு வருடத்துக்கும் முழு உதவித்தொகைக்கு இவளைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சியாம். எனினும், கணினி வாங்கும் செலவை மட்டும் ஏற்க இயலாமைக்கு வருந்துகிறார்களாம். ஏழு நாளுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்பது மூன்றாவது பத்தி.

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். "லேட்டானதுக்குக் காரணம் எழுதிக் குடுங்க, சார் பாப்பாரு" என்றான் அங்கே இருக்கும் எழுத்தர். என்னை மாதிரியே குரல். உன் அண்ணி மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் கடிதத்தை இரண்டு தடவை முழுசாகப் படித்தாள். "நீங்க ரிட்டையர் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சுப்பா" என்றாள். அப்புறம் வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்து, "நீங்களே எழுதுங்க" என்றாள்.

அந்த வேலையை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதே. இவளுக்கு என்று வைத்தும் இருக்காதே. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தாமதத்தைப் பொறுத்தருளும்படி கேட்டு ஆயிரம் விண்ணப்பமாவது என் மேஜைக்கு வந்திருக்கும். ஒரு மணி நேரமாகத் தாளை வைத்துக்கொண்டு, அவர்கள் எல்லாம் எப்படிக் கேட்டிருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வரி நினைவுக்கு வரவில்லை தம்பி. தேதியை மட்டும்தான் பார்ப்பேன்.