இராஜரத்தினன் பயற்றுப் போர்வை போர்த்திய படலம்

கண்டிக் கட்டுக்கலைப் பிள்ளையாரே, காப்பு! அரசாங்கக் கச்சேரிக் கோப்புகளைக் கட்டியாண்ட காவலனே, கொசு இருமினாலும் குதித்தெழும் கூர்ஞ்செவிச் செல்வனே, இராஜரத்தினனே, நீ வாழி! எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், பக்கத்து வீட்டுப் பாயிஸின் பாக்குச் சாக்குகளுக்கிடையே மனைவியோடு ஒளிந்திருந்த மூன்று இரவுகள் தொடங்கி, எட்டாண்டாய் ஒழுங்காய்க் கண்ணயராத உன் வீரத்தை எங்ஙனம் பாடுவேன்? லொறி உறுமினால் எழுவான். நாய் குரைத்தால் எழுவான். ஒன்றுமே கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று எழுவான். நல்ல கூத்து!

மேலே பாரம் கிடந்தால் உடம்பு அடங்கும் என்று எவரோ சொல்லக் கேட்ட அவ்வேந்தன், நித்திராதேவியைச் சிறைபிடிப்பேன் எனச் சூளுரைத்து, மனையரசி பத்மாதேவியின் பழஞ்சேலை இரண்டைக் கவர்ந்து, எழுதும் பேனை ஏந்திய கையில் ஊசி ஏந்தி, கட்டங்கட்டமாய்ப் பை தைத்து, பைதோறும் பயறு நிரப்பி, விரல்தோறும் விழுப்புண் பெற்று, மூன்று வாரம் பொருது போர்வை ஒன்றை முடித்தனன்.

"இருந்த பயறெல்லாம் போட்டிட்டியள். இனி என்னத்தைச் சமைக்கிறது?" என முழங்கினாள் தேவி.

"நித்திரை வந்தால் காணுமப்பா!" எனப் பிரகடனம் செய்தான் கோமான்.

ஞாயிறு மதியம் உண்டு முடித்துப் போர்வைக்கடியில் புகுந்தான். நித்திராதேவி சரணடைந்தாள். குறட்டை முரசம் ஹந்தானை மலையில் மோதி மீண்டது.

அந்நேரம் பார்த்துத்தானா வரவேண்டும், எட்டாண்டாய் அவன் செவி காத்திருந்த படை! வீடு சோதிக்கப் புகுந்த ஆறு சிப்பாய்கள், வரிசை வரிசையாய்ப் பொதி வைத்துத் தைத்த போர்வையைக் கண்டு, வெடிகுண்டென வெருண்டு, துவக்குகளை நீட்டியபடி சுவரோடு ஒட்டினர். பத்மாதேவியோ, "முங் எட்ட, மஹத்தயா! பயறு! வெறும் பயறு!" எனச் சிங்களமும் தமிழுமாய்க் கூவிப் பாய்ந்து, பையொன்றின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பச்சைப் பயறு பொலபொலவெனக் கொட்டிச் சப்பாத்துக் கால்களுக்கிடையே உருண்டோடிற்று. படைத்தலைவன் ஒரு மணியைப் பொறுக்கிக் கடித்துப் பார்த்தான். சிரித்தான். பிறகு வாயில் விரலை வைத்து, தன் சேனையை நுனிக்காலில் வெளியே நடத்திச் சென்றான்.

நம் கோமான் புரளக்கூட இல்லை.

நாலு மணிக்குக் கண் விழித்தவன், வழக்கம்போல் வாசலைப் பார்த்துக் கேட்டான்: "ஆரும் வந்தவையே?"

நிலத்தில் குந்தியிருந்து பயறு பொறுக்கிய பத்மாதேவி நிமிரவில்லை. "ஒருத்தரும் வரேல்லை. படுங்கோ."

அன்றிரவு அவர்கள் வீட்டில் சோறும் பயற்றங்கறியும்.