ரொக்கட் நாவலுக்கு ஒன்பது நிறை, மூன்று குறை

ஈழத்துச் சிறுவர் அறிவியல் இலக்கியம் தன் உச்சத்தைத் தொட்ட இடம் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையம். வருடம் 1997, போர்க்காலம். இலக்கிய வரலாறு இதை இன்னும் பதிவுசெய்யவில்லை. வரலாறு எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும். இஸ்ஸதீன் அவர்கள் நேரத்துக்கு வந்தார்.

இஸ்ஸதீன் தலைநகரின் மூத்த விமர்சகர். முப்பது ஆண்டுகளில் நூற்றுப் பன்னிரண்டு வெளியீட்டு விழாக்களில் நயவுரை ஆற்றியவர். கவிதையோ, சமையற் குறிப்போ, எதற்கும் ஒன்பது நிறை, மூன்று குறை. கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இந்த 'நடுநிலை'யை அவருடைய எதிரிகளும் மெச்சினார்கள்.

நூற்றுப் பதின்மூன்றாவது நூல் 'சனிக்கோளில் நால்வர்'. கொட்டாஞ்சேனையில் நாலு பிள்ளைகள் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியை ரொக்கட் ஆக்கிப் புறப்படும் சிறுவர் நாவல். எழுதியவர் றஞ்சிதம். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் அறை எடுத்துத் தங்கி, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவர். அச்சகத்தில் விழாவுக்கான ஐம்பது பிரதிகளைப் பெற்றுக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் பெட்டி திறக்கப்பட்டது. அட்டையில் ரொக்கட். உள்ளே ரொக்கட்டின் குறுக்குவெட்டுப் படம். அம்புக்குறிகளோடு. பெட்டியும் றஞ்சிதமும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள்.

பொறுப்பான ஆள் ஒருவர் வந்து இது வெறும் கதை என்று சொன்னால் விடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். இல்லாவிட்டால் மாலையில் மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். மேலிடத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது மேலிடத்துக்கே தெரியாது.

றஞ்சிதம் விழா அழைப்பிதழைக் காட்டினார். 'நயவுரை: இஸ்ஸதீன்'.

ஜீப் போனது. வாசலில் ஜீப்பைக் கண்டு இஸ்ஸதீன் முதலில் நடுங்கினார். காரணம் தெரிந்ததும் கோட் அணிந்தார். நூல் மூன்று வாரமாக அவர் மேசையில் இருந்தது, உறை பிரிக்கப்படாமல். முன்கூட்டி வாசித்தால் மேடையில் வியப்புக் குறைந்துவிடும் என்பது அவர் அனுபவம்.

"ஐயா, வந்திட்டீங்களே!" றஞ்சிதம் வாங்கிலிருந்து எழுந்தார். "ரெண்டு வசனம் காணும். இது கதை, ரொக்கட் பொய். அவ்வளவுதான்."

"பயப்பட வாணாம் டீச்சர். முறையா செய்வம்."

சிங்களவரான இன்ஸ்பெக்டர் மட்டக்களப்பில் வேலை பார்த்தவர். தமிழ் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. 'ஐயா' மட்டும் சிங்களத்தில் 'மாத்தயா'தான்.

"மாத்தயா இந்தப் புத்தகம் படிச்சதா?"

"சுவைத்துப் படித்தேன்."

"அப்ப சொல்லுங்க. இந்த ரொக்கட் பறக்குமா?"

இஸ்ஸதீன் தொண்டையைச் செருமினார்.

"முதலாவது நிறை, எளிய நடை. இரண்டாவது, சிறுவர்களின் துணிவு. மூன்றாவது, கட்டுப்பாடு. குறித்த நேரத்தில் அனைவரும் ஒன்றுகூடுகிறார்கள்."

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் திறந்தார். "எங்க கூடுறது?"

இஸ்ஸதீன் அட்டைப்படத்தைப் பார்த்தார். "மொட்டைமாடியில். நான்காவது, இரகசியம் காக்கும் உத்தி."

"ஐயா, குறையைச் சொல்லுங்கோ!"

"குறை பொறகு டீச்சர். ஒம்பதும் முடியட்டும்."

"குறையில இருந்து தொடங்குங்கோவன்! கிழி கிழியெண்டு கிழியுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

முப்பது ஆண்டுகளில் எந்த எழுத்தாளரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. இஸ்ஸதீன் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ச்சியில் மிச்ச நிறைகள் இன்னும் கனத்தன.

"ஒன்பதாவதுதான் மகுடம். ரொக்கட்டின் துல்லியம். வாசிக்கும் எவரும் அதைச் செய்துவிடலாம். அது தீ கக்கி மேலெழும் அத்தியாயத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது."

இன்ஸ்பெக்டரின் பேனை வேகமாக ஓடியது.

"எழும்பவே இல்லை!" றஞ்சிதம் கத்தினார். "நாப்பத்து மூண்டாம் பக்கத்தில அது புகைஞ்சு நிண்டிட்டுது. சனிக்கோள் ஆக்கள் வந்தெல்லோ பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகினம்! ஐயா, நீங்கள் வாசிச்சனீங்களோ?"

இன்ஸ்பெக்டர் ஒரு பிரதியை இஸ்ஸதீனிடம் தள்ளினார். "பாருங்க மாத்தயா. பறக்க இல்லைண்டு நீங்க சொன்னா நான் இவங்கள விடுறது."

இஸ்ஸதீன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை விரித்தார். 'ரொக்கட் ஒருமுறை இருமியது. கொஞ்சம் புகை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.' நல்ல வசனம் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

ஆனால் ரொக்கட் பறக்கவில்லையென்றால், அவருக்குச் சிலிர்த்தது எங்கே? இந்தக் கேள்வி ஒரு நூலோடு நிற்காது. பின்னால் நூற்றுப் பன்னிரண்டு நூல்கள் வரிசையில் நின்றன. றஞ்சிதம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இஸ்ஸதீன் நூலை மூடினார்.

"மேலோட்டமாக வாசித்தால் பறக்கவில்லை," என்றார். "ஆழ்ந்து வாசித்தால் பறக்கிறது."

"எழுதினது நான்!"

"எழுதியவர் சொல்வதை விமர்சனம் ஏற்பதில்லை. அதுதான் மரபு."

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் திருப்பி வைத்தார். ஒன்பது நிறைகளுக்கும் கீழே இஸ்ஸதீன் அழகாகக் கையொப்பமிட்டார். மூன்று குறைகளையும் அவர் தொடங்குமுன் இன்ஸ்பெக்டர் எழுந்து கைகொடுத்தார். அந்த முகத்தில் மெய்யான மரியாதை இருந்தது.

"மிச்சம் சந்தோசம் மாத்தயா. நாங்களும் இப்பிடித்தான் வாசிக்கிறது."