ஹஸ்னைன் காரின் எடைக் குறைப்பு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயர் சரித்திரத்தில் இல்லை. அதைக் கழற்றிவிட்டு வேறு சக்கரம் மாட்டியவர் பெயரையாவது நாம் குறித்து வைக்க வேண்டாமா? அவர் பெயர் ஹஸ்னைன். சொந்த ஊர் கீழக்கரை. துபாய் தேராவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவது அவருடைய 'பிழைப்பு'. அஜ்மானில் நாங்கள் குடியிருந்த பழைய வில்லாவின் மணல் முற்றத்தில் ஒரு ஜப்பான் காரைப் பிரித்து மாட்டுவது அவருடைய 'வாழ்க்கை'. தொண்ணூறுகளின் நடுவில் வளைகுடாவில் எத்தனையோ கட்டடங்கள் உயர்ந்தன. எங்கள் முற்றத்தில் ஒரு கார் மட்டும் தாழ்ந்துகொண்டே வந்தது. இரண்டையும் முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் பக்கத்து போர்ஷன். பரமக்குடி கல்யாணசுந்தரம், காய்கறி மொத்தக் கடையில் பிக்கப் ஓட்டுகிறவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையும் பிரியாணியும் முடிந்த பிறகு முற்றத்தில் கூடும் 'தொழில்நுட்பக் குழு'வில் நான் நிரந்தர உறுப்பினர். என் தகுதியைக் கேட்கிறீர்களா? ஜாக்கி என்னுடையது. இன்னொரு உறுப்பினர் மணிமாறன், பின்னாலிருந்த தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்த ஏசி மெக்கானிக்.

அது இரண்டு கதவு வைத்த சிவப்புக் கார். 'குடும்பத்துக்காக' வாங்கியது. அந்நாளில் வளைகுடாக் கார்களில் நூற்றிருபதைத் தாண்டினால் ஒரு மணி அடிக்கும். ஹஸ்னைன் முதலில் அதைக் கழற்றினார். மணி அடிக்கும் வேகத்தை அந்தக் கார் தொட்டதே இல்லை. காலையில் அஜ்மானிலிருந்து தேராவுக்குப் போகிற எந்தக் காரும் தொடாது. ஷார்ஜா நெரிசலில் ஆளாளுக்கு ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார்கள். ஆனாலும் தொல்லை வருவதற்கு முன்பே நீக்கிவிடுவதற்குப் பெயர்தான் தொலைநோக்கு.

பிறகு ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு இறக்கினார். அன்று முதல் அது தினமும் முற்றத்து மணலில் சிக்கியது. நாங்கள் தினமும் தள்ளினோம். தெருவின் ஒற்றுமை ஓங்கியது. பிறகு சைலன்சரை மாற்றினார். அதன் பிறகு எங்கள் வில்லாவில் யாரும் அலாரம் வைக்கவில்லை.

அடுத்துத்தான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டம்.

"வெயிட்டுதாண்ணே நமக்கு எதிரி," என்றார் ஹஸ்னைன். "ஏசியக் கழட்டிடுவோம்."

மணிமாறன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பாய், நான் இந்த நாட்டுக்கு வந்ததே ஏசி மாட்டறதுக்குத்தான்."

"கம்ப்ரஸர் இஞ்சின் பவர உறிஞ்சுது தம்பி."

"வெயிலு நம்ம பவர உறிஞ்சுமே பாய்."

ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டு, நிராகரிக்கப்பட்டது. ஏசி இறங்கியது. தொடர்ந்து பின் இருக்கையை அகற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஹஸ்னைனின் மனைவி சப்ரீனா கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர் போட்ட தேநீர் மட்டும் கலந்துகொண்டது.

இருக்கை வீட்டு ஹாலுக்குப் போனது. சப்ரீனா அதற்கு உறை தைத்துப் போட்டு சோபா ஆக்கிவிட்டார். துபாய் அல் குசைஸில் இருந்த அவருடைய அக்கா ஹாலிதா பஸ் ஏறி வரும்போதெல்லாம் அதில்தான் உட்காருவார். அதாவது, தங்கை வீட்டுக் காரின் இருக்கையில் அவர் பலமுறை உட்கார்ந்திருக்கிறார். காரில்தான் உட்கார்ந்ததில்லை.

மகள் ரம்ஸியா அங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிற குழந்தை. "டாடி, வேர் இஸ் மை சீட்?" என்று கேட்டாள்.

"ஹால்ல இருக்கும்மா."

"பட் டாடி, ஹால் டஸ்ன்ட் மூவ்."

இந்தப் பிள்ளைக்கு இயந்திரவியலில் நாட்டமில்லையே என்று ஹஸ்னைன் என்னிடம் வருத்தப்பட்டார்.

இந்தக் குடும்பத்துக்கு ஈகைத் திருநாள், தியாகத் திருநாள் தவிர இன்னொரு திருநாளும் இருந்தது. அதன் பெயர் பாஸிங். வருடம் ஒருமுறை வண்டியைப் போலீஸ் சோதனைக்குக் கொண்டு போய், கம்பெனி செய்து கொடுத்தபடியே இருக்கிறதா என்று காட்டினால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள். ஆகவே அதற்கு முந்தின நாள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். ஸ்பிரிங் உயரும். சைலன்சர் மௌனம் காக்கும். சோபா உறையைக் களைந்துவிட்டு இருக்கை ஆகும். சோதனையில் ஏசியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அதுவும் இருந்தால்தான் பாஸாகும் என்று சப்ரீனா சொல்லிவைத்திருந்தார். தொழில் தர்மம் கருதி மணிமாறனும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்.

பாஸிங் அன்று சாயங்காலம் மூன்று பேரும் உடுத்திக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளுகுளுவென்று ஷார்ஜா பூங்காவுக்குப் போய்வருவார்கள். அந்த ஒரு நாள் அது கார். மறுநாள் காலையில் மீண்டும் 'புராஜெக்ட்' ஆகிவிடும்.

ஒரு வருடம் ஹாலிதாவின் கணவர் உஸைர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். விசாவைக் கேன்சல் செய்துகொண்டு இருவரும் ஊரோடு போகிறார்கள். வளைகுடாவில் கார் வைத்திருப்பவனுக்கு எந்த அரசாங்கமும் போடாத ஒரு சட்டம் உண்டு. ஊருக்குப் போகிறவர்களை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடவேண்டும். பெட்டியைத் தூக்கி ட்ராலியில் வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டவேண்டும். டாக்ஸி பிடித்துப் போனால், அங்கே உங்களுக்கு மனுசர் ஒருத்தரும் இல்லையா என்று ஊர் கேட்கும்.

அதோடு, ரம்ஸியா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து தாயாகப் பார்த்துக்கொண்டவர் ஹாலிதா. அந்த அக்காவை, அவர் வாயில் 'லாத்தா'வை, தன் காரில், தன் பக்கத்தில் உட்காரவைத்து வழியனுப்ப வேண்டும். சப்ரீனா அந்தக் காரிடம் கேட்டது அவ்வளவுதான். அல் குசைஸிலிருந்து ஏர்போர்ட் கூப்பிடு தூரம்.

சப்ரீனா விவரமானவர். "மச்சான், லாத்தா போற அன்னைக்கே பாஸிங்க வச்சுக்கிடுங்க," என்றார் கணவரிடம். "காலையில அத முடிச்சிட்டு அப்படியே குசைஸ் வந்துருங்க. சீட்டும் இருக்கும், ஏசியும் இருக்கும். லாத்தா ஒரு தடவயாச்சும் நம்ம வண்டியில உக்காரட்டும்."

"இன்ஷா அல்லாஹ்," என்றார் ஹஸ்னைன். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று காலை சப்ரீனாவையும் குழந்தையையும் என் பிக்கப்பில் குசைஸில் இறக்கிவிட்டு, பெட்டி கட்டவும் கூட நின்றேன். அட்டைப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டி, மார்க்கரில் 'உஸைர், கீழக்கரை' என்று நான்கு பக்கமும் எழுதினோம். பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கீழே இறங்கி நின்றோம். ஹாலிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாப்புள வந்துருவாஹல்ல?" என்று கேட்டார்.

"பாஸிங் முடிஞ்சிருச்சாம் லாத்தா. கீழ உள்ள கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காஹ. வந்துக்கிட்டிருக்காஹ."

அப்போது இரண்டு தெருவுக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி எதுவோ மக்கர் பண்ணுகிறது என்றார் உஸைர். சப்ரீனாவின் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிவிட்டது. கம்பெனி சைலன்சருக்கு அந்தத் தொண்டை கிடையாது.

கார் தரையைத் தடவிக்கொண்டு வந்து நின்றது. ஹஸ்னைன் வியர்வையில் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"ஒரே தடவையில பாஸ்," என்றார். "வர்ற வழியில ஷார்ஜாவுல நமக்குத் தெரிஞ்ச பட்டறை சும்மா கெடந்துச்சுண்ணே, சாமானும் டிக்கியில இருந்துச்சு. நாளைக்கு மாட்டற வேலைதானே, இன்னைக்கே மாட்டிட்டேன்."

"சீட்டு?" என்றார் சப்ரீனா.

"பட்டறையில ஏசியோட பத்திரமா இருக்கு."

சூழ்நிலையின் 'தீவிரத்தை' உணர்ந்த ஹஸ்னைன் உடனே மாற்றுத் திட்டம் வகுத்தார். முன்னால் ஒரு சீட் இருக்கிறதே, லாத்தா மட்டும் அதில் வரட்டும். ஹாலிதா பெரிய மனசுக்காரர். உடம்பும் கொஞ்சம் பெரிது. முன்னால் ஹஸ்னைன் மாட்டியிருந்த பந்தய வண்டிக் குழி சீட்டில் தங்கை கைபிடிக்க, ஒருவழியாக இறங்கி உட்கார்ந்தார். கார் கிளம்பித் தெருமுனை ஸ்பீட் பிரேக்கர் வரை போனது. அங்கே ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடியில் கரகரவென்று ஏதோ உரசியது.

ஹஸ்னைன் மிகுந்த மரியாதையோடு, "லாத்தா, தப்பா நெனைக்காதீங்க," என்றார். "வண்டி தரை தட்டுது. செத்த இறங்கிக்கிடுறீங்களா?"

ஹாலிதா இறங்கினார். கோபப்படவில்லை. "பரவாயில்ல மாப்புள," என்று சொல்லிவிட்டு, வெயிலில் எங்களை நோக்கி நடந்து வந்தார். சப்ரீனா ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். சப்ரீனா அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சப்ரீனாவே ரோட்டுக்குப் போய் டாக்ஸியை நிறுத்தினார். அக்காவும் தங்கையும் குழந்தையும் அதில் ஏறினார்கள். உஸைரும் பெட்டிகளும் என் பிக்கப்பில். வாசனைக்குக் கொஞ்சம் காய்கறிக் கூடைகளும் இருந்தன.

தொழில்நுட்பக் குழுவின் உறுப்பினர் என்ற முறையில் ஓர் உண்மையைப் பதிவு செய்வது என் கடமை. எங்கள் பல வருட லட்சியம் அன்று முழுமையாக நிறைவேறியது. ஏசி இல்லை, இருக்கை இல்லை, பெட்டி இல்லை, மைத்துனி இல்லை, மனைவி மக்கள் இல்லை. அதற்கு மேல் ஒரு காரில் குறைப்பதற்கு எடையே கிடையாது. ஸ்பீட் பிரேக்கரை இலகுவாகத் தாண்டி, டாக்ஸியை முந்தி, என்னையும் முந்தி அது பறந்தது.

நாங்கள் ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது, புறப்பாட்டு வாசலில் ஹஸ்னைன் காரின் மேல் சாய்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். டாக்ஸி வந்து நின்றது. சப்ரீனா இறங்கி, அக்காவைக் கைகொடுத்து இறக்கினார்.

"பாத்தியா சப்ரீனா," என்றார் ஹஸ்னைன். "உங்க எல்லாருக்கும் முந்தி வந்துட்டேன்."

சப்ரீனா நின்று, அந்தக் காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"வந்தது சரி மச்சான்," என்றார். "யாரக் கொண்டுவந்தீங்க?"