நேரலையில் தண்ணீர் விட்ட கதை

வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, ‘சைட்லதான் இருக்கேன்’ என்று போனில் சொல்லிக்கொண்டு வேறு எங்கோ இருந்த அனுபவம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் திறமையாகச் செய்தேன்.

ஓசூரில் நான் டீ குடிக்கும் கடைக்குப் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை இருக்கிறது. அங்கிருந்து பேசினால், கேட்பவருக்கு நாலு மாடிக் கட்டடம் கண்ணெதிரே எழும்புவது போலிருக்கும். பேச்சின் நடுவே டீ மாஸ்டரைப் பார்த்து, "ஏய், கலவையைக் கொண்டா!" என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. (அவரும் பழகிவிட்டார். இன்னொரு டீ போட்டுவிடுவார்.)

இப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. இங்கே வீடு கட்டுபவர்களில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்த கம்பெனி ஆட்கள். யாரையும் தெரியாததால் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் காண்ட்ராக்டரைக் கூப்பிடுவார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி ரஃபி செய்து கொடுக்க வந்தான்.

"மச்சான், எல்லாரும் போட்டோதான் போடறாங்க. போட்டோவ யாரு நம்பறாங்க? சைட்ல ஒரு கேமரா மாட்டுவோம். வெப்சைட்ட தொறந்தா வேலை நடக்கறது அப்படியே தெரியணும்."

நானும் உற்சாகமாகி, ‘ஒளிவு மறைவு இல்லாத கட்டுமானம்’ என்று மேலே பெரிதாகப் போடச் சொன்னேன். வாசகம் என் சொந்தக் கற்பனை.

அதைப் பார்த்து வந்த முதல் ஆள் சாந்தி மேடம். தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. கெலவரப்பள்ளி போகும் வழியில் இடம் வாங்கியிருந்தார். முன்பு வேறொரு காண்ட்ராக்டர் அங்கே அடித்தளம் போட்டுவிட்டு, சரியாகத் தண்ணீர் காட்டாமல் விட்டதில் அது விரிசல் கண்டது. அதோடு அந்த ஆள் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். போட்டதையெல்லாம் இடித்துக் கொட்டிவிட்டு மேடம் என்னிடம் வந்திருந்தார்.

"பாய், பெல்ட் வரைக்கும் போடுங்க. அது நல்லா நின்னா முழு வீடும் உங்களுக்குத்தான். இன்னொரு தடவ இடிக்க எனக்குத் தெம்பு இல்ல."

பெல்ட் என்பது அடித்தளத்தின் மேல் சுற்றி ஓடும் காங்கிரீட். போட்ட பிறகு ஒரு வாரமாவது காயாமல் தண்ணீர் விட வேண்டும்; அதைத்தான் தண்ணீர் காட்டுவது என்போம். அப்போது என் கையில் வேறு வேலையே கிடையாது. இதுவும் போனால் நான் வீட்டில் உட்கார்ந்து வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மேடத்தின் சைட்டில் கேமரா மாட்டிய முதல் வாரம் தலை வாரிக்கொண்டு சைட்டுக்குப் போனேன். மேஸ்திரி முனிராஜ் புதுச் சட்டையில் வந்து, கேமராவைப் பார்த்தபடியே கம்பி கட்டி, இரண்டு தடவை தன் விரலையும் சேர்த்துக் கட்டினார். அடுத்த வாரம் பெல்ட் போட்டோம். அதற்குள் அப்படி ஒரு கேமரா இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

பெல்ட் போட்ட மூன்றாம் நாள் முனிராஜ் தளிப் பக்கம் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை. இதற்கு என்ன வழி என்று ஆழமாக யோசிப்பதற்காக நான் டீக்கடையில் இருந்தேன். மேடம் கூப்பிட்டார்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"சைட்லதான் மேடம்." (பட்டறை நன்றாக ஒத்துழைத்தது.)

"தண்ணி காட்டறீங்களா?"

"இப்பத்தான் காட்டிக்கிட்டிருக்கேன். பெல்ட் முழுக்க ஊறிக் கெடக்குது."

"முனிராஜ்?"

"எதிர்லதான் நிக்கறாரு. ஏய் முனிராஜ், கலவையைக் கொண்டா!"

டீ மாஸ்டர் இன்னொரு டீயை வைத்தார்.

"எதிர்ல எருமை நிக்குது பாய். கம்பியில முதுகு தேச்சுக்கிட்டிருக்கு."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அது நேத்து எருமை மேடம். நெட்டு ஸ்லோவா இருந்தா படம் லேட்டா வரும்" என்றேன்.

மறுமுனையில் ஒரு கூட்டமே சிரித்தது. கம்பெனி கேன்டீனில் டீ நேரமாம். "எங்க காண்ட்ராக்டரப் பாருங்க" என்று கூட வேலை பார்ப்பவர்களுக்குக் காட்டத்தான் அவர் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அஞ்சு நிமிஷத்துல நீங்க இதுல தெரியணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பைக்கில் பறந்து போய்ச் சேர்ந்தேன். எருமை நகரவில்லை. குழாயை எடுத்தேன். தொட்டி காலி. யோக்கியனாக இருந்தால் அந்த இடத்தில் குழாயைக் கீழே போட்டிருப்பான். நான் அதைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைச் சுற்றி நடந்தேன். மூலைகளில் நின்று நிதானமாகக் காட்டினேன். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, தூரத்துக்கு விசிறியடிப்பது போலும் செய்தேன். கடைசியாக ஈரம் இல்லாத கையை உதறி பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. வீட்டிலிருந்து என் மனைவி ஜெரினா.

"ஏங்க, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பைப்புல தண்ணி வரலங்க. எருமையே உங்களத் திரும்பிப் பாக்குது."

இடித்துக் கொட்டிய பழைய காங்கிரீட் ஓரமாகக் குவிந்து கிடந்தது. தினமும் பார்த்ததுதான். அன்றைக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நானே மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், நான் டீக்கடையில இருந்தேன். லாரி வரல. ரெண்டு நாளா தண்ணி காட்டல. இப்ப காட்டினதும் வெறும் பைப்பு."

"அந்த எருமை?"

"இன்னைக்கு எருமைதான் மேடம்."

"மொதல்ல தண்ணிக்கு வழி பாருங்க" என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு, அவருடைய போர் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். ஷிஃப்ட் முடிந்து வந்த மேடம், பெல்ட்டைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். விரிசல் இல்லை.

"வீட்ட நீங்களே கட்டுங்க. ஆனா தெனமும் காலையில நீங்களே தண்ணி காட்டணும். கேமரா இருக்கும்."

"இவ்ளோ பொய் சொன்னேனே மேடம்?"

"முன்ன இருந்த ஆளு மாட்டினதும் போனே எடுக்கல. நீங்க போன் பண்ணீங்க."

வீடு முடியும் வரை தினமும் காட்டினேன். கேன்டீனும் தினமும் பார்த்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த முன்பின் தெரியாத கம்பெனி ஆட்களெல்லாம் என் கட்டைவிரலைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்களில் இரண்டு பேர் பிறகு தங்கள் வீட்டையும் என்னிடமே கொடுத்தார்கள்.

என் வீட்டில்தான் விமோசனம் இல்லை. யார் பேச்சில் சந்தேகம் வந்தாலும் ஒரே கேள்வி: "தண்ணி வருதா?" மகள் படித்து முடித்துவிட்டேன் என்றாலும் கேட்கிறார்கள், ரஃபி அடுத்த வாரம் வருகிறேன் என்றாலும் கேட்கிறார்கள். போன மாதம் எங்கள் கல்யாண நாள். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "நீ இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன் ஜெரினா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"தண்ணி வருதா?"

"வருது" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கேமராவை என் முகத்துக்கு நேராக நீட்டி, "எங்க, இப்பச் சொல்லுங்க" என்றாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.