பதிலோடு வரும் ஈப்பச்சாயன்

ஈப்பச்சாயன் கோபித்துக்கொண்டு போனார் என்று யார் சொன்னது? படித்துறையில் துணி துவைக்கிறவர்களா? அவர்களில் யார் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தார்கள்? நான் இருந்தேன், வாசலுக்கு நேரே. ஆகையால் முதலில் கேளுங்கள், அப்புறம் துவையுங்கள்.

உலகத்தில் ஒரு ரகம் உண்டு. கேள்வியைப் பிறரிடம் கேட்டு, பதிலைத் தானே சொல்லி, 'அருமையான பதில்' என்று பாராட்டவும் செய்கிற ரகம். எங்கள் குட்டநாட்டுக் கரையில் ஈப்பச்சாயன் அந்த ரகம். புதன்கிழமைதோறும் வீடு மாற்றி வீடு நடக்கும் வேதபாடக் கூட்டத்துக்குத் தலைவரும் அவரே. கெட்டவரா? இல்லவே இல்லை. கொட்டுகிற மழையிலும் வள்ளம் ஊன்றி வந்து, முடியாதவர்களைக் கைப்பிடித்து இறக்கிவிடுவார். யாருக்கு எந்த முட்டியில் வலி என்பதுவரை சொல்லி ஜெபிப்பார். வேதத்தைத் திறந்தால்தான் வினை.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் பிரசங்கம், ஜனங்கள் தூங்கினார்கள். திருவல்லாவில் நடந்த பயிற்சியில், கேள்வி கேட்டால்தான் கூட்டம் விழித்திருக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். விடுவாரா? பேதுரு ஏன் படகை விட்டு இறங்கினான் என்பார், சுற்றிலும் பார்ப்பார், எதிரே உட்கார்ந்திருக்கும் மத்தாயிச்சன் வாயைத் திறப்பதற்குள் 'விசுவாசம்' என்று முடித்துவிடுவார். மத்தாயிச்சன் திறந்த வாயைக் கொட்டாவியாக்கிக்கொள்வார். வேறு கருத்து உண்டா என்றும் கேட்பார். விரல் அதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கும்.

கூட்டம் மெலிந்தது. புதன்கிழமை பார்த்துப் பசுக்கள் கன்று போட்டன. கடைசியில் எங்கள் பாதிரி அச்சன், இப்படியே போனால் அக்கரைக் குழுவோடு சேர்த்துவிடுவேன் என்றார். அக்கரைத் தலைவர் யார்? ஈப்பச்சாயனின் சம்பந்தி கோசி. சம்பந்திக்குக் கீழே உட்கார வேண்டுமே என்று ஈப்பச்சாயன் இளைத்துப்போனார். ஒருநாள், வயதில் மூத்தவள் என்று என்னிடமே வந்தார்.

"நான் எங்க தப்புப் பண்றேன், சேடத்தி?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

"ஜெபம் பத்தலை, அதான்" என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த புதன் மத்தாயிச்சன் வீட்டில். மழையில் நனைந்து ஈப்பச்சாயனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாடம், பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் நீங்கிய கதை. காய்ச்சல் விட்ட உடனே அவள் ஏன் எழுந்து பரிமாறினாள் என்று கிசுகிசுப்பாகக் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.



அடுக்களையில் ஏத்தன் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்துக்கொண்டிருந்தாள் மத்தாயிச்சனின் மனைவி குஞ்ஞன்னம்மா. குரல் அங்கிருந்து வந்தது.

"பின்ன வேற யாரு பரிமாறுவா? அந்த வீட்டு ஆம்பளைங்களா?"

"நன்றியில செஞ்சாடீ" என்றார் மத்தாயிச்சன்.

"அப்ப உங்களுக்குக் காய்ச்சல் விட்டப்ப அந்த நன்றி எங்க போச்சு? கட்டில்ல கஞ்சி கேட்டீங்களே."

பேச்சு பற்றிக்கொண்டது. ஒருத்தி, அந்த மாமியாரை யாராவது இன்னும் கொஞ்சம் படுத்திரு என்று சொன்னார்களா என்றாள். இன்னொருத்தி, படுத்தே கிடந்தவளுக்கு எழுந்து நடப்பதே திருவிழா என்றாள். நானும் விடவில்லை. எனக்குக் காய்ச்சல் விட்டால் கால் முதலில் அடுக்களைக்குத்தான் போகும், என் சட்டியை இன்னொருத்தி எங்கே வைத்தாள் என்று பார்க்க. அந்த அம்மாளும் தன் வீட்டைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் என்றேன். இன்றைக்கும் அதுதான் என் கட்சி. குஞ்ஞன்னம்மா எண்ணெய் சொட்டும் கரண்டியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். திரும்பக் கொண்டுபோக வந்த வள்ளக்காரன் கூப்பிட்டும் ஒருவரும் எழவில்லை. இந்தக் கூட்டத்தையா அக்கரையோடு சேர்ப்பார்கள்?

அப்போது தீய்கிற வாடை வந்தது. கவனித்தவர் ஒரே ஒருவர். ஈப்பச்சாயன் வேதத்தை மூடினார். வாசலில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவரை யாரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர. சிரித்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

படித்துறைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் வீட்டைச் சுற்றிப்போய், அடுக்களைக் கதவு வழியாக நுழைந்து, பழத்தைத் திருப்பிப் போட்டதை என் இடத்திலிருந்து நான் பார்த்தேன், அங்கிருந்து தெரியாதே.

நான் பாதி சொல்லும்போதே 'கோபம்தான், சந்தேகமென்ன' என்றீர்களே, நீங்கள் எந்த ரகம்? இருங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் சொல்லட்டும்.